சக்கரம் தொட்ட பிறகும் கையை எடுக்காதீங்க: சிறு விமானம் இறக்கப் பழகுபவர்களுக்கு

பாம்பனிலிருந்து பைலட் பயிற்சிக்குப் போயிருக்கும் எங்கள் தெருத் தம்பி ஒருவன் போன வாரம் போன் செய்தான். "அக்கா, ஏத்துறது ஈசியா இருக்கு, இறக்குறப்பதான் நம்ம பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்றான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இது செஸ்னா 152, 172 மாதிரி ஒற்றை இன்ஜினும் மூக்குச் சக்கரமும் உள்ள பயிற்சி விமானங்களுக்கானது. உங்கள் விமானத்தின் கையேடோ உங்கள் பயிற்சியாளரோ வேறு மாதிரி சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். தனியாகப் பறக்க ஆரம்பித்த புதிது. இடப்பக்கத்திலிருந்து பத்து நாட் போலக் காற்று (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்). இறக்கம் நன்றாகவே வந்தது, நடுக்கோட்டின் மேல் மெதுவாகத் தொட்டேன், டயர் கீச்சென்று ஒரு சத்தம் போட்டது, அந்தச் சத்தம் கேட்டதும் அப்பாடா என்று யோக்கை (கையில் பிடித்துத் திருப்பும் கட்டுப்பாட்டுப் பிடி) நேராக விட்டுவிட்டுக் காலையும் தளர்த்திவிட்டேன். இரண்டு நொடி இருக்கும். மூக்கு இடப்பக்கம் திரும்பியது. பதறிப்போய் கார் ஸ்டியரிங்கைத் திருப்புவது போல யோக்கை வலப்பக்கம் முழுக்கத் திருப்பினேன். இடது இறக்கை மேலே எழும்பியது, விமானம் வலது சக்கரத்தில் சாய்ந்துகொண்டே இன்னும் வேகமாக இடப்பக்கம் சுழன்று ஓடுபாதையை விட்டிறங்கிப் புல்லில் போய் நின்றது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. மூக்குச் சக்கரத்தின் கால் வளைந்திருந்தது, ப்ரொப்பெல்லரின் நுனி மண்ணைக் கிளறியிருந்தது.

தவறு எங்கே என்று பாருங்கள். யோக்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பாது, இறக்கையின் பின்விளிம்பில் உள்ள எய்லெரான் என்ற மடல்தான் அசையும். வலப்பக்கம் திருப்பினால் இடது எய்லெரான் கீழே இறங்கி இடது இறக்கையைத் தூக்கும். காற்று ஏற்கெனவே இடது இறக்கைக்கு அடியில் புகுந்து தூக்கிக்கொண்டிருக்கிறது, நானும் சேர்ந்து தூக்கிக் கொடுத்திருக்கிறேன். தரையில் திசையைப் பார்ப்பது காலின் வேலை, வாலில் உள்ள ரட்டர் என்ற மடலைத் திருப்பும் பெடலின் வேலை. கைக்கு வேறு வேலை இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அன்று இரவு வீட்டுக்குப் போன் போட்டு அழுதபோது பெரியப்பா ஒரே விஷயம்தான் சொன்னார். அவர் நாற்பது வருஷமாகத் தென்கடலில் வள்ளம் ஓட்டியவர். "கரை தட்டிருச்சுன்னு சுக்கானை விட்டுறாத தாயி, பின்னாலயே ஒரு அலை வரும், அதுதான் வள்ளத்தைக் குறுக்க திருப்பிப் போடும்" என்றார். எனக்குப் புத்தகத்தில் புரியாதது அதில் புரிந்தது. வள்ளம் மணலில் ஏறி நிற்கிற வரை கடலில்தான் இருக்கிறது. விமானமும் ஓட்டம் நின்று ஒதுங்குகிற வரை காற்றில்தான் இருக்கிறது.

சரி, வரிசையாகப் போவோம்.

காற்றைக் கணக்குப் போடுங்கள்

கடற்கரைப் பிள்ளைகளுக்கு இது ரத்தத்தில் இருக்கிறது. மேற்கும் தென்மேற்குமாக அடிக்கிற கச்சான் எப்போது, வடக்கிலிருந்து வாடை எப்போது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதோடு எண்ணையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஓடுபாதையில் 27 என்று எழுதியிருந்தால் அது 270 பாகையை நோக்கிப் போகிறது. காற்று 240 பாகையிலிருந்து 16 நாட் என்றால் இடையில் 30 பாகை, குறுக்குக் காற்று அதில் பாதி, அதாவது 8 நாட். 45 பாகை வித்தியாசம் என்றால் பத்தில் ஏழு பங்கு. 60 பாகை வந்துவிட்டால் கிட்டத்தட்ட முழுக் காற்றும் குறுக்கே அடிக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் மனப்பாடமாக இருந்தால் போதும், பறக்கும்போது அட்டையைத் தேட வேண்டியதில்லை.

எவ்வளவு குறுக்குக் காற்று அதிகம் என்று கேட்டால், செஸ்னா 152 கையேட்டில் 12 நாட் வரை இறக்கிக் காட்டியிருப்பதாக இருக்கும், 172 கையேட்டில் 15 நாட். அது உற்பத்தியாளரின் பைலட் செய்து காட்டியது, பதினைந்து மணி நேரம் பறந்தவருக்கானது இல்லை. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், பழைய பாம்பன் ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவந்தார்கள், அத்தனை டன் இரும்புக்கே அந்த எல்லை இருந்தது. 15 நாட் என்பது சுமார் 28 கிலோமீட்டர், அந்தக் காற்றில் பாதிகூட இல்லை, ஆனால் நம் விமானம் ஆளோடும் எரிபொருளோடும் சேர்த்து ஒரு டன்னை ஒட்டித்தான் வரும். புதிதாகப் பழகும்போது பயிற்சியாளரோடு உட்கார்ந்து உங்களுக்கென்று ஒரு எண்ணைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தோ ஆறோ நாட்டாக இருந்தாலும் பரவாயில்லை. அதைத் தாண்டினால் அன்றைக்குத் தனியாகப் போக வேண்டாம்.

இன்னொன்று, கடற்காற்று. கரையோர விமான நிலையத்தில் காலை எட்டு மணிக்குப் புறப்படும்போது இருந்த காற்று முற்பகல் கழிந்து திரும்பி வரும்போது இருக்காது, தரை சூடேறியதும் கடலிலிருந்து காற்று உள்ளே புகுந்து திசையே மாறிவிடும். போகும்போது கேட்ட காற்றை நம்பி இறங்காதீர்கள். இறுதித் திருப்பத்திலும் ஒருமுறை விண்ட்சாக்கை (காற்றின் திசை காட்டும் துணிப்பை) பாருங்கள்.

தனுஷ்கோடி சாலையில் பைக்கில் ஒரு பாடம்

ஊருக்கு வரும்போது ஆனி, ஆடி மாதத்தில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை பைக்கில் போய்ப் பாருங்கள், மெதுவாக, ஹெல்மெட்டோடு. சாலை தென்கிழக்கே போகிறது, காற்று தென்மேற்கிலிருந்து, அதாவது வலப்பக்கத்திலிருந்து நேர்குறுக்காக அடிக்கும். சாலையின் மேல் மணல் பாம்பு மாதிரி நெளிந்து ஓடும். நேராகப் போக வேண்டுமென்றால் வண்டியைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்தே பிடிக்க வேண்டியிருக்கும், அதை நீங்கள் யோசித்துச் செய்வதில்லை, உடம்பே செய்துவிடும். இப்போது வலப்பக்கம் ஒரு டூரிஸ்ட் வேன் நிற்கிறது, அதன் மறைவுக்குள் நுழைகிறீர்கள், காற்று சட்டென்று அறுபடுகிறது, சாய்த்துப் பிடித்திருந்த வண்டி வேன் பக்கமாகவே இழுக்கும். வேனைத் தாண்டியதும் காற்று மறுபடி அடித்து இடப்பக்கம் தள்ளும். ஓடுபாதை ஓரத்தில் ஹேங்கரோ மரக்கூட்டமோ இருந்தால் உங்கள் விமானத்துக்கு இதேதான் நடக்கும், கடைசி ஐம்பது அடி உயரத்தில். அதனால்தான் "இவ்வளவு எய்லெரான் போதும்" என்று ஒருமுறை வைத்துவிட்டு இருக்க முடியாது, நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைசித் திருப்பத்தில் அவசரம் வேண்டாம்

உயிரைப் பறிக்கிற விபத்து பல இங்கே நடந்திருக்கிறது, பேஸிலிருந்து (ஓடுபாதைக்குக் குறுக்காக வரும் பகுதி) ஃபைனலுக்கு (ஓடுபாதைக்கு நேராக வரும் கடைசிப் பகுதி) திரும்பும்போது. பின்னாலிருந்து காற்று தள்ளிவிட்டதால் ஓடுபாதைக் கோட்டைத் தாண்டிப் போய்விடுகிறீர்கள். அதிகம் சாய்க்கப் பயந்து, மூக்கை மட்டும் ரட்டரால் உள்பக்கம் தள்ளுகிறீர்கள். அது சாய்வைக் கூட்டும், அதைத் தடுக்க யோக்கை எதிர்ப்பக்கம் திருப்புகிறீர்கள், மூக்கு தாழ்கிறது என்று பின்னால் இழுக்கிறீர்கள். உள்பக்க இறக்கை ஸ்டால் ஆகி, அதாவது தூக்கும் பலத்தை இழந்து, விமானம் அப்படியே புரண்டு சுழல ஆரம்பிக்கும். தரையிலிருந்து ஐந்நூறு அடியில் அதிலிருந்து மீட்க உயரம் இல்லை.

உயரம் குறையாமல் 45 பாகை சாய்த்துத் திரும்பினால் ஸ்டால் வேகம் சுமார் 19 சதவீதம் கூடுகிறது, 60 பாகையில் 41 சதவீதம். 30 பாகைக்கு மேல் சாய்க்க வேண்டி வந்தால் அந்த இறக்கம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சறுக்கலைக் காட்டும் கருவியில் உள்ள பந்தை நடுவில் வைத்து, இறக்கையை மட்டப்படுத்தி, த்ராட்டிலை (இன்ஜின் பவரைக் கூட்டும் பிடி) தள்ளி மேலே போங்கள். ஓடுபாதை அங்கேயேதான் இருக்கும்.

வேகமும் ஐந்நூறு அடியும்

ஃபைனலில் 172-க்கு ஃபிளாப் (மெதுவாகப் பறக்க உதவும் இறக்கை மடல்) இறக்கி 60 முதல் 70 நாட் என்று கையேடு சொல்லும், நடுவில் 65 வைத்துக்கொள்ளலாம். காற்று 12 நாட், இடையிடையே திடீரென்று அடிக்கும் வீச்சு 20 என்றால் இடையில் உள்ள எட்டில் பாதியைக் கூட்டி 69. அதற்கு மேல் "பாதுகாப்புக்கு இருக்கட்டும்" என்று பத்து நாட் கூட்டுவது பாதுகாப்பு இல்லை. 65-க்குப் பதில் 75-இல் வந்தால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் ஆற்றலைச் சுமந்துகொண்டு வருகிறீர்கள், தரைக்கு மேல் விமானம் மிதந்துகொண்டே போகும், பொறுமை போய் யோக்கைத் தள்ளி மூக்குச் சக்கரத்தை முதலில் அழுத்துவீர்கள். துள்ளல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஐந்நூறு அடியில் வாய்விட்டுச் சொல்லுங்கள்: வேகம் சரி, கோட்டில் இருக்கிறேன், இறங்கும் விகிதம் சரி, ஃபிளாப் சரி. ஒன்று சரியில்லை என்றாலும் கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி மேலே போய்விடுவது.

கடல் மேலாக வந்து இறங்கும் ஓடுபாதையில் ஒரு கண்மயக்கம் உண்டு. கீழே வீடோ பனையோ இல்லாமல் ஒரே தண்ணீராக இருந்தால், உயரத்தில் இருப்பது போலத் தோன்றி நம்மையறியாமல் தாழ்ந்துவிடுவோம். ஓரத்தில் பாப்பி (PAPI) என்ற, இறங்கும் சரிவைக் காட்டும் நாலு விளக்கு வரிசை இருந்தால் அதை நம்புங்கள், இரண்டு வெள்ளை இரண்டு சிவப்பு சரியான சரிவு, நாலும் சிவப்பென்றால் மிகத் தாழ்வு. (உச்சிப்புளியில் ஓடுபாதை இருக்கிறதே, அங்கே பழகலாமா என்று ஊரில் கேட்பார்கள். ஐ.என்.எஸ். பருந்து கடற்படைத் தளம், நாம் பயிற்சிக்கு இறங்கும் இடமில்லை.)

தொடும் நேரம்

குறுக்குக் காற்றில் நண்டு மாதிரி மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி வருவீர்கள். அப்படியே தொட்டால் சக்கரத்தின் மேல் பக்கவாட்டுச் சுமை விழும். அதனால் தொடுவதற்கு முன் ரட்டரால் மூக்கை நடுக்கோட்டுக்கு நேராக்குங்கள், அதே சமயம் காற்றுப் பக்க இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். கால் மூக்கை நேராக வைக்கிறது, கை பக்கவாட்டில் நகராமல் பார்த்துக்கொள்கிறது. காற்றுப் பக்கச் சக்கரம் முதலில் தொடும், அது சரிதான், பதற வேண்டாம். கண் ஓடுபாதையின் கடைசி முனையில் இருக்கட்டும். முன்னால் உள்ள தரையையே பார்த்தால் உயரம் தெரியாது.

துள்ளிவிட்டால் யோக்கை முன்னால் தள்ளாதீர்கள். சின்னத் துள்ளல் என்றால் மூக்கை அதே நிலையில் பிடித்து, கொஞ்சம் பவர் கொடுத்து, மறுபடி அமர விடுங்கள். பெரிய துள்ளல் என்றாலோ இரண்டாவது முறை துள்ளினாலோ மேலே போய்விடுங்கள். தள்ளி இழுத்துச் சரிசெய்யப் பார்த்தால் ஒவ்வொரு துள்ளலும் முந்தியதைவிடப் பெரிதாகும், மூன்றாவது நாலாவதில் மூக்குச் சக்கரம் ஒடியும்.

கோ-அரவுண்டும் கவனமாகச் செய்ய வேண்டியதுதான். த்ராட்டில் முழுக்க, கார்ப் ஹீட் (கார்புரேட்டரில் பனி பிடிக்காமல் சூடாக்கும் பிடி) இருந்தால் உள்ளே, வலது ரட்டர். இறங்குவதற்கு ட்ரிம் செய்திருப்பதால் (யோக்கை இழுத்துப் பிடிக்காமலே மூக்கு நிலையாக நிற்கும்படி அமைத்திருப்பதால்) முழுப் பவரில் மூக்கு தானாக மேலே எழும்பும், அதை யோக்கால் முன்னோக்கி அழுத்திப் பிடிக்க வேண்டும். எதிர்பார்க்காதவருக்கு அது ஆச்சரியமான பலத்தோடு வரும், அங்கேயே ஸ்டால் ஆனவர்கள் உண்டு. ஃபிளாப்பை உடனே 20 பாகைக்குக் கொண்டுவாருங்கள், மிச்சத்தை ஏற ஆரம்பித்து வேகம் வந்த பிறகு படிப்படியாக. ஒரேயடியாக எடுத்தால் விமானம் தொப்பென்று இறங்கும். ரேடியோவில் சொல்வது கடைசி.

தொட்ட பிறகு

இங்கேதான் நான் கோட்டைவிட்டேன், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

தொட்ட கணத்தில் இறக்கை இன்னும் எடையின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொண்டிருக்கும். சக்கரத்தின் மேல் பாரம் முழுக்க இறங்கவில்லை, அதனால் பிடிப்பும் இல்லை. பின்னால் நிற்கும் வால் செங்குத்தாக ஒரு பாய் மாதிரி, காற்று அதைத் தள்ளத் தள்ள மூக்கு காற்று வரும் பக்கம் திரும்பப் பார்க்கும். வேகம் குறையக் குறைய ரட்டருக்கும் எய்லெரானுக்கும் பலம் குறைகிறது. அப்படியென்றால் நாம் செய்ய வேண்டியது கூட வேண்டும், குறையக் கூடாது. நான் செய்தது அதற்கு நேர்மாறு.

காற்று இடப்பக்கம் என்றால், தொட்டதும் யோக்கை இடப்பக்கம் திருப்ப ஆரம்பியுங்கள், அதாவது காற்று வரும் பக்கம். வேகம் குறையக் குறைய இன்னும் இன்னும் திருப்பி, மெதுவாக உருளும்போது முழுக்கத் திருப்பியிருக்க வேண்டும். அது இடது இறக்கையைக் கீழே அழுத்தி வைக்கும். கால்கள் நடுக்கோட்டைப் பார்த்துக்கொள்ளும். மூக்கு இடப்பக்கம் போனால் வலது பெடல், நேரானதும் விடுங்கள், மறுபடி போனால் மறுபடி. சின்னச் சின்ன மிதி. ஒரே மிதியில் சரிசெய்யப் பார்த்தால் மறுபக்கம் ஓடும். மூக்குச் சக்கரத்தைத் தானாக, மெதுவாக இறங்க விடுங்கள். அது தரையில் படும் நேரத்தில் பெடல் ஒருபக்கம் அழுந்தியிருந்தால், மூக்குச் சக்கரம் பெடலோடு இணைந்திருக்கும் விமானத்தில் ஒரு வெட்டு வெட்டும், அதையும் எதிர்பார்த்திருங்கள்.

பிரேக் அப்புறம்தான். மூன்று சக்கரமும் தரையில் உட்கார்ந்து, நேராக ஓடிக்கொண்டிருக்கும்போது, இரண்டு பக்கமும் சமமாக. சறுக்கிக்கொண்டிருக்கும்போது மிதித்தால் டயர் பூட்டிக்கொண்டு நிலைமை மோசமாகும். ஓட்டத்தின் நடுவே ஃபிளாப்பைத் தேடிக் குனியவும் வேண்டாம், ஒதுங்கி நின்ற பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

இதை நான் பழகியது விடுதி அறையில், நாற்காலியில் உட்கார்ந்து, கையில் ஒரு எவர்சில்வர் தட்டை யோக்காகப் பிடித்துக்கொண்டு, காலுக்குக் கீழே இரண்டு செங்கல் வைத்து. அறைத்தோழி "இடப்பக்கக் காற்று" என்பாள், நான் தட்டை இடப்பக்கம் திருப்பி வலது காலை அழுத்துவேன். "தொட்டாச்சு" என்பாள், தட்டு இன்னும் திரும்பும். "மூக்கு இடப்பக்கம் போகுது" என்பாள், கால் மட்டும் அசைய வேண்டும், தட்டு அசையக் கூடாது. முதல் நாள் இருபது முறையில் பன்னிரண்டு முறை தட்டும் வலப்பக்கம் திரும்பியது. ஸ்கூட்டர் ஓட்டிப் பழகிய கை அவ்வளவு சீக்கிரம் கேட்காது. ஒரு வாரத்தில் நின்றது. செலவே இல்லாத பயிற்சி, நீங்களும் செய்து பாருங்கள்.

பக்கத்தில் பயிற்சியாளர் இருந்து, அவர் கட்டுப்பாட்டைக் கேட்டால் அந்த நொடியே கையையும் காலையும் எடுத்துவிட்டுக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள். இருவரும் பிடித்து இழுப்பதுபோல ஆபத்து வேறில்லை.

ஓடுபாதையை விட்டு வெளியே போய்விட்டால்

த்ராட்டிலை முழுக்க இழுத்துவிடுங்கள். யோக்கைப் பின்னால் இழுத்து மூக்குச் சக்கரத்தின் பாரத்தைக் குறையுங்கள். புல்லில் போகிறதென்றால் அவசரமாக வெட்டித் திருப்பி ஓடுபாதைக்குள் கொண்டுவர முயலாதீர்கள், பக்கவாட்டில் புரள்வது அப்படித்தான். நேராகப் போய் நிற்கட்டும். நின்றதும் மிக்ஸ்ச்சர் பிடியை (எரிபொருள் கலவையைக் கட்டுப்படுத்துவது) முழுக்க இழுத்து, எரிபொருள் வால்வை மூடி, மேக்னெட்டோ (இன்ஜினுக்குத் தீப்பொறி தருவது) அணைத்து, மாஸ்டர் மின்சுவிட்சை அணைத்து, இறங்கிக் காற்று வரும் பக்கமாகத் தள்ளிப் போங்கள். போனைத் தேடிக்கொண்டு உள்ளே உட்காராதீர்கள்.

ஓடுபாதையிலேயே நின்றுவிட்டாலும், இறக்கம் பலமாக விழுந்திருந்தால் உடனே சொல்லிவிடுங்கள், யாரும் பார்க்கவில்லை என்றாலும். ப்ரொப்பெல்லர் நுனி லேசாகத் தரையில் பட்டிருந்தாலும் இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டும், உள்ளே கிராங்க் ஷாஃப்ட்டில் விரிசல் விட்டிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. நீங்கள் மறைத்தால் மறுநாள் காலை அதே விமானத்தில் ஏறப்போவது உங்கள் பக்கத்து அறைப் பிள்ளை. நான் சொன்னேன், திட்டு வாங்கினேன், இரண்டு வாரம் தனியாக அனுப்பவில்லை. அந்த இரண்டு வாரமும் பயிற்சியாளர் என்னோடு உட்கார்ந்து குறுக்குக் காற்றில் மட்டுமே இறக்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் ஓட்டம் நின்று டாக்ஸிவேயில் ஒதுங்கிய பிறகு என் யோக் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று மட்டும் எட்டிப் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார்.

தம்பியிடம் கடைசியாக ஒன்று கேட்டேன், லாக்புக்கில் காற்று எழுதுகிறாயா என்று. இல்லை என்றான். குறிப்புப் பகுதியில் ஒவ்வொரு இறக்கத்துக்கும் காற்றின் திசை, வேகம், குறுக்கு எவ்வளவு, தொட்ட பிறகு என்ன செய்தாய் என்று ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கிறேன். நேற்று அனுப்பியிருந்தான்: "210/8, குறுக்கு 7, நின்ற பிறகும் கை இடப்பக்கம்."